யார் குறித்த நேரம்? ‘காஸ்ட் அவே’ திரைப்படமும் மட்டக்களப்பு வாவிக்கரையும்

விமானம் கடலில் விழ, ஆளில்லாத தீவொன்றில் நான்கு ஆண்டுகள் தனித்துக் கிடந்து உயிர் தப்பிய மனிதன். ‘காஸ்ட் அவே’ படத்தைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். ரொபேர்ட் செமெக்கிஸ் இயக்கி, வில்லியம் புரொயில்ஸ் எழுதி, டொம் ஹாங்ஸ் நடித்து 2000 டிசெம்பரில் வெளிவந்த படம் அது. தீவு வருவதற்கு முன்னால் ஓடும் காட்சிகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். படத்தின் வழக்கு அங்கேதான் தொடங்குகிறது.

சக் நோலண்ட் பெடெக்ஸ் நிறுவனத்தின் பொறியியலாளன். நாடு நாடாகப் போய், பொதி பிரிக்கும் நிலையங்களின் வேகத்தைக் கூட்டுவது அவன் வேலை. சோவியத் ஒன்றியம் கலைந்து சில ஆண்டுகளே ஆன மொஸ்கோவில் அவனை முதலில் பார்க்கிறோம். மெம்பிஸ் நகரிலிருந்து தனக்குத் தானே அனுப்பிய பொதியொன்றை ரஷ்யத் தொழிலாளர் முன்னால் பிரிக்கிறான். உள்ளே நேரம் காட்டியபடி ஒரு கடிகாரம். பொதி வந்து சேர 87 மணித்தியாலம் பிடித்திருக்கிறது. அது பெரும் வெட்கக்கேடு என்று அவன் சத்தம் போடுகிறான். அவன் மொழி தெரியாத தொழிலாளர்கள் மொழிபெயர்ப்பாளனின் வாயைப் பார்த்து நிற்கிறார்கள். புதிய பொருளாதாரம் அந்த நாட்டுக்குள் நுழையும் விதத்தைச் செமெக்கிஸ் ஒரே காட்சியில் சொல்லிவிடுகிறார். முதலில் கடிகாரம் வருகிறது. மற்றவை பின்னால் வருகின்றன.

இந்தப் படத்தை இலங்கையின் கிழக்கே உள்ள மட்டக்களப்பு வாவிக்கரையில் வைத்து வாசிக்க வேண்டும் என்பதே என் முயற்சி. என் வாதம் சுருக்கமானது. காலத்தின் மீது நம் சமூகம் கொண்ட வெறியைப் படம் சரியாகவே இனங்காண்கிறது. ஆனால் அந்த வெறியை ஒரு மனிதனின் நோயாகக் காட்டி, ஒருவருடைய நேரத்தை இன்னொருவர் குறிக்கும் அதிகாரத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறது. அந்த அதிகாரம் எப்படி இயங்குகிறது என்பதற்கு வாவியின் இரு கரைகளிலும் வரலாறு கிடக்கிறது.

பொதிகள் பயன்படும் இடம்

நத்தார் விருந்தின் நடுவே சக்கின் பேஜர் ஒலிக்கிறது. உடனே புறப்பட வேண்டும். காதலி கெலி தன் பாட்டனாரின் சட்டைப்பைக் கடிகாரத்தில் தன் படத்தை வைத்து அவனிடம் கொடுக்கிறாள். அன்றிரவே விமானம் பசிபிக் கடலில் விழுகிறது. தண்ணீர் புகுந்த கடிகாரம் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு அது அவளுடைய படத்தைத் தாங்கும் சட்டம் மட்டுமே.

கரையொதுங்கும் பெடெக்ஸ் பொதிகளைச் சக் முதலில் பிரிப்பதில்லை. பொறுக்கியெடுத்து, அடுக்கி வைக்கிறான். ஆள் பட்டினி கிடக்கிறான். நிறுவனத்தின் ஒழுங்கு மட்டும் அவனுக்குள் உயிரோடிருக்கிறது. நாட்கள் போனபின் ஒவ்வொன்றாகப் பிரிக்கிறான். பனிச்சறுக்குச் சப்பாத்தின் இரும்புத் தகடு அவனுக்குக் கத்தியாகிறது. தாங்க முடியாமல் போன பல்வலிக்கு அதே தகட்டால் பல்லைத் தட்டி எடுக்கிறான். வீடியோ நாடா கயிறாகிறது. விருந்து உடுப்பின் வலைத்துணி மீன்பிடிக்கும் வலையாகிறது. கரப்பந்து ஒன்று முகம் பெற்று, வில்சன் என்ற பெயரும் பெற்று, பேச்சுத்துணையாகிறது. அவ்வளவு அவசரமாக உலகைச் சுற்றி அனுப்பப்பட்ட சரக்குகள் எவையும் அனுப்பிய நோக்கத்துக்குப் பயன்படவில்லை. விலை மறைந்து பயன் மிஞ்சுகிறது. பண்டத்துக்குப் பயன்மதிப்பு, பரிமாற்றமதிப்பு என இரு முகங்கள் உண்டென்று மார்க்ஸ் எழுதியதை இந்தக் காட்சிகளைவிட எளிதாக விளக்க முடியாது.

படம் உருவான கதையும் இதே வாதத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. தீவில் மெலிந்துபோன சக்கைக் காட்ட வேண்டும் என்பதற்காகப் படப்பிடிப்பைச் சுமார் ஓராண்டு நிறுத்தினார்கள். உடம்பு மெலிய எடுக்கும் காலத்தைப் பணம் கொடுத்துச் சுருக்க முடியவில்லை. ஆனால் அந்த ஓராண்டைச் சும்மா விடவும் முதலீட்டுக்கு மனம் வரவில்லை. அதே குழுவினரை வைத்துச் செமெக்கிஸ் ‘வாட் லைஸ் பினீத்’ என்ற இன்னொரு படத்தை எடுத்து முடித்தார். பிறகு வில்சன் விளையாட்டுப் பொருள் நிறுவனம் முகம் வரைந்த பந்துகளை விற்கத் தொடங்கியது. தன்னைக் குறை சொல்லும் கதையையும் சரக்காக்கிவிடும் பலம் முதலாளியத்துக்கு உண்டு என்பதை இந்தப் படத்தின் வரலாறே காட்டுகிறது.

கொட்டியாரக்குடாவில் ஒதுங்கிய குரூசோ

தீவில் ஒதுங்கிய மனிதனின் கதைக்கு மூலம் டானியல் டிஃபோ 1719 இல் வெளியிட்ட ‘ராபின்சன் குரூசோ’. குரூசோ தீவில் இறங்கியதும் ஒரு கம்பத்தை நட்டு, நாளுக்கொரு வெட்டுப் போட்டுக் கணக்கு வைக்கிறான். 1867 இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில் மார்க்ஸ் அவனைப் பற்றி எழுதுகிறார். உடைந்த கப்பலிலிருந்து கடிகாரத்தையும் பேரேட்டையும் பேனாவையும் மையையும் மீட்டெடுத்து, தனியாளாய்க் கணக்கு எழுத உட்கார்ந்துவிட்ட ஆள் என்று அவனைக் காட்டுகிறார். சமூகம் இல்லாத இடத்திலும் தன் சமூகத்தின் கணக்குப் புத்தகத்தைச் சுமந்து சென்றவன் குரூசோ.

அந்தக் குரூசோவுக்கு நம் கிழக்குக் கரையோடு ஒரு தொடர்பு உண்டு. 1659 நவம்பரில் புயலில் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல், திருத்தம் பார்ப்பதற்காக மூதூர்ப் பக்கத்துக் கொட்டியாரக்குடாவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு கண்டி மன்னனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவருடைய மகன் ராபர்ட் நொக்ஸையும் பிடித்துச் சென்றார்கள். தந்தை சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் 19 ஆண்டுகளுக்குமேல் கண்டி நாட்டில் வாழ்ந்து, 1679 இல் தப்பி, மன்னார்ப் பக்கத்து அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். 1681 இல் லண்டனில் வெளிவந்த அவனுடைய இலங்கை வரலாறு டிஃபோ படித்த நூல். குரூசோவின் உருவாக்கத்தில் அதற்குப் பங்கு உண்டென்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். 1720 இல் வந்த ‘கப்டன் சிங்கிள்டன்’ நாவலில் நொக்ஸின் கதையையே டிஃபோ சுருக்கிச் சொல்கிறார்.

நொக்ஸ் எப்படிப் பிழைத்தான் என்பதே நமக்கு முக்கியம். தொப்பி பின்னி விற்றான். கையில் கொஞ்சம் சேர்ந்ததும் ஊராருக்கு நெல்லைக் கடனாகக் கொடுத்து, ஆண்டுக்கு நூற்றுக்கு ஐம்பது வட்டி வாங்கினான். ஊருக்குள் கைதியாக இருந்தவன், அதே ஊரின் அறுவடையைத் தன் வசூல் நாளாக மாற்றிக்கொண்டான். உயிர்தப்புவது என்றால் இயற்கையோடு மல்லுக்கட்டுவது மட்டும்தான் என்று கதைகள் நம்மைப் பழக்கியிருக்கின்றன. உண்மையான குரூசோவின் பிழைப்பு மற்றவர்களின் நாட்காட்டிக்குள் புகுந்து உட்கார்வதாகவும் இருந்தது. முந்நூற்று ஐம்பது ஆண்டுகள் கழித்துக் கிழக்கு மாகாணப் பெண்கள் கடனால் படும் பாட்டுக்கு இது பழைய முன்னோட்டம்.

வாவியின் நாட்கணக்கு

பிரித்தானிய வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1967 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இருவகை நேரத்தைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, செய்யும் வேலை தானே தன் நேரத்தைக் குறிப்பது. மாடு கறக்க வேண்டிய நேரம், வலை இழுக்க வேண்டிய நேரம் என்று அது போகும். மற்றது, கடிகாரம் வேலைக்கு நேரம் குறிப்பது. கைத்தொழில் முதலாளியம் தொழிலாளரின் நாளை மணிகளாக வெட்டி விலைக்கு வாங்கியபோது இரண்டாவது முதலாவதை விழுங்கியது என்பது அவர் கண்டது.

சக் தீவில் கற்றுக்கொள்வது முதலாவது நேரத்தை. குகைக்குள் விழும் வெயிற்கீற்றைப் பாறையில் குறித்துக்கொண்டு வந்து ஆண்டின் ஓட்டத்தை அறிகிறான். காற்று எப்போது திரும்பும், அலை எப்போது தாண்ட விடும் என்று கணக்கிட்டு, அதற்குள் கயிறு திரித்துத் தெப்பம் கட்டுகிறான். நிமிடத்தை வைத்து மற்றவர்களை விரட்டியவன் பருவத்துக்காகக் காத்திருக்கிறான். படத்தின் மிக அழகான மாற்றம் இதுதான். தீவில் இருக்கும்வரை படத்தில் இசையே இல்லை. பார்ப்பவரையும் காற்றுக்கும் அலைக்கும் காதைக் கொடுக்க வைக்கிறார் இயக்குநர்.

சக் நான்கு ஆண்டில் கற்றதை வாவிக்கரை பல தலைமுறைகளாகக் கைக்கொண்டு வருகிறது. மட்டக்களப்பு வாவி வடக்கே செங்கலடிப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம்வரை சுமார் 56 கிலோமீற்றர் நீளம். கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் காடுமாக விரிவது படுவான்கரை. பெரும்போகம் வடகீழ்ப் பருவமழையை நம்பியது. சிறுபோகம் குளத்து நீரை நம்பியது. வாவியில் தொழில் செய்பவருக்கு நிலவின் வளர்ச்சியும் தேய்வும், நீரின் உவர்ப்பும், காற்றின் திசையும் நாட்குறிப்பு. இருட்டு இரவில் விளக்கோடு தோணியில் இறங்கி அத்தாங்கால் இறால் வாருபவருக்கு வேலை எப்போது தொடங்கும் என்பதை எந்தக் கடிகாரமும் சொல்லாது. இறால் வரும் நேரமே வேலை நேரம்.

இதை மணி பார்க்காத மக்களின் நிம்மதி என்று எழுதிவிட்டால் பிழை. இந்த நேரத்துக்குள்ளும் கண்டிப்பு உண்டு, சச்சரவும் உண்டு. ஆற்றுவாய் வெட்டுவதை எடுத்துக்கொள்வோம். வருடத்தின் பெரும்பகுதி முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்துக் கிடக்கும். மாரி மழையில் வாவி பெருகி, தாழ்ந்த வயல்களில் பயிர் மூழ்கத் தொடங்கும். உடனே வெட்டிவிடுங்கள் என்று விவசாயிகள் கேட்பார்கள். அவசரப்பட்டு வெட்டினால் நீரோடு மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடும் என்று வாவித் தொழிலாளர் தயங்குவார்கள். கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்தில் கூடிப் பேசி நாள் குறிக்க வேண்டும். வெட்டுகிற அந்த ஒரு நாள் ஒருவருக்குப் பயிரைக் காப்பாற்றும். இன்னொருவரின் பருவத்தைக் குலைக்கும். பழைய காலத்திலும் இந்த நாட்களைக் குறித்தவர்கள் எல்லோரும் சமமானவர்களாக இருக்கவில்லை. போடியார் எனப்பட்ட பெருநிலக்காரரின் நிலத்தில் உழைத்தவர் விதைப்புநாளைத் தாமே தீர்மானிக்கவில்லை. இயற்கையின் நேரம் என்று நாம் சொல்வதற்குள்ளும் ஒரு கை இருக்கிறது.

கலையிலும் இதே இழுபறி நடந்திருக்கிறது. வாவிக்கரை ஊர்களில் கூத்து வட்டக்களரியில் இரவு முழுதும் ஆடி விடியலில் முடிவது. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ போன்றவற்றை நகர மேடைக்குக் கொண்டுவந்தபோது அந்த இரவைச் சுமார் ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சுருக்கினார். இராவணனாக ஆடியவர் மட்டக்களப்பின் சி. மௌனகுரு. கூத்துக்கு மதிப்பும் புதிய பார்வையாளரும் கிடைத்தது பெரிய பேறு. பின்னாளில் சி. ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் சீலாமுனையில் கூத்து மீளுருவாக்கத்தைத் தொடங்கியபோது மறுபக்கத்தைக் கேட்டார்கள். கூத்தைத் திருத்த வேண்டுமென்றால் அதை ஆடும் ஊரோடு இருந்து, ஊரோடு பேசித் திருத்த வேண்டும் என்பது அவர்கள் நிலைப்பாடு. இரு தரப்பும் கூத்தை நேசித்தவர்களே. இரவை எவ்வளவு நீளமாக வைத்துக்கொள்வது என்பதை மேடை தீர்மானிப்பதா, ஆடுபவர் தீர்மானிப்பதா என்பதே கேள்வியாக இருந்தது.

பாதையின் இரு கரையிலும் இரண்டு நேரம்

நேரம் அதிகாரத்தின் கையில் இருக்கிறது என்பதை இலங்கையர் தம் கைக்கடிகாரத்திலேயே கண்டிருக்கிறார்கள். 1996 இல் மழை பொய்த்து நீர்மின்சாரம் குறைந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்த அரசு மே 25 அன்று நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபர் 26 அன்று அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் புத்தாண்டோடுதான் திரும்பி வந்தது. ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் நாடு சூரியனுக்கு முன்னே ஓடியது. பிள்ளைகள் இருட்டோடு எழும்பிப் பள்ளிக்கூடம் போனார்கள்.

தமிழீழ விடுதலைப் புலிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அவர்களின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்தது. படுவான்கரையின் பெரும்பகுதி 2007 வரை அவர்கள் கையில் இருந்தது. மட்டக்களப்பு நகரும் எழுவான்கரை வீதியும் அரசின் கையில் இருந்தன. இடையில் வாவி. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்த இடத்தில் கடப்பதற்குப் ‘பாதை’ எனப்படும் மிதவைதான். குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலும் பாதைதான். சைக்கிளோடும் நெல் மூட்டையோடும் அந்த மிதவையில் ஏறி இறங்கிய மக்கள் சோதனைச்சாவடியை மட்டும் கடக்கவில்லை. ஓர் அரசின் புதிய நேரத்துக்கும் இன்னோர் அதிகாரத்தின் பழைய நேரத்துக்கும் நடுவே போய்வந்தார்கள். சூரியன் இரு கரைக்கும் ஒன்று. நேரத்தைக் குறித்தவர்கள் இருவர். மணி எத்தனை என்ற சாதாரணக் கேள்வியே நீ யாருடைய பக்கம் என்ற கேள்வியாக மாறக்கூடிய இடத்தில் மக்கள் வாழ்ந்தார்கள்.

சக் நோலண்டின் தீவில் இந்தக் கேள்வி எழாது. அங்கே ஆட்சி இல்லை. ஆட்சியற்ற இடத்தில் நேரத்தைப் பற்றி யோசிப்பது எளிது. நம்மில் யாரும் அப்படிப்பட்ட இடத்தில் வாழவில்லை.

கிழமைக்குக் கிழமை வரும் தவணை

2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகும், போர் முடிந்த பிறகும் கிழக்கில் நுண்கடன் நிறுவனங்கள் பெருகின. வீட்டையும் தொழிலையும் கட்டியெழுப்பப் பணம் வேண்டியிருந்த நேரம். வங்கி கேட்கும் பிணை பெண்களிடம் இருக்கவில்லை. குழுவாகச் சேர்ந்தால் பிணை இல்லாமலே கடன் என்று சொன்னபோது அது உதவியாகவே தெரிந்தது.

அந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்பதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். கிழமையில் ஒரு நாள், குறித்த நேரம். ஓர் உறுப்பினரின் வீட்டு முற்றத்தில் பெண்கள் பாஸ்புத்தகத்தோடு வந்து இருப்பார்கள். வசூல் உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார். ஒருவர் பணம் கொண்டுவராவிட்டால் மற்றவர்களும் எழும்ப முடியாது. குறையும் தொகையைத் தங்களுக்குள் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அவள் எங்கேயாவது பணம் மாறிக்கொண்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். அடுப்பில் உலை, பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பிள்ளை, காயப்போட்ட கருவாடு எல்லாம் அந்த முற்றத்துக்கு வெளியே காத்துக் கிடக்கும். ஒரு நிறுவனத்தின் தவணையைக் கட்ட இன்னொரு நிறுவனத்தில் கடன் எடுப்பார்கள். இப்படியே கிழமையின் நாட்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறுவனத்துக்குப் பங்குபோகும்.

வட்டி அதிகம் என்பது ஒரு கொடுமை. அதற்குள் இன்னொன்று மறைந்திருக்கிறது. வயலில் வருமானம் போகத்துக்கு ஒரு தடவை வருகிறது. வாவியில் வருமானம் நிலவோடும் நீரோடும் ஏறி இறங்குகிறது. காற்றுக் கடுமையான கிழமையில் தோணி இறங்காது. ஆனால் தவணை ஒவ்வொரு கிழமையும் தவறாமல் வரும். கடன் கொடுத்தவரின் நாட்காட்டி ஏழு நாளில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. வாங்கியவரின் வாழ்க்கை பருவத்தோடு சுற்றுகிறது. இரண்டும் மோதும் இடத்தில்தான் காதுத்தோடு அடைவுக்குப் போகிறது. தொம்சன் சொன்ன தொழிற்சாலை மணி இங்கே தொழிற்சாலை இல்லாமலே ஒலிக்கிறது. தொழிலாளியின் நாளைக் கடிகாரம் வாங்கியதைப்போல, வாவிக்கரைப் பெண்ணின் வருங்காலத்தைத் தவணைத் தேதி முன்கூட்டியே வாங்கிவிடுகிறது.

2016 இல் நுண்நிதியளிப்புச் சட்டம் வந்தது. 2018 இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட, கட்ட முடியாது போன பெண்களின் கடன்களை நீக்கும் திட்டத்தை அரசு அறிவித்தது. அதே ஆண்டில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லவ்ஸ்கி, கடன் வசூலில் பெண்கள் பாலியல் தொல்லைக்கும் ஆளாவதை வெளிப்படையாகச் சொன்னார். 2021 மார்ச் 8 அன்று பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கி, ஐம்பது நாட்களுக்குமேல் இருந்தார்கள். கிழமைக்குக் கிழமை தம்மிடமிருந்து வாங்கப்பட்ட நேரத்தை அவர்கள் தெருவோரத்தில் தமக்காகச் செலவிட்டார்கள். அடுத்த ஆண்டு, 2022 ஏப்ரலில், இலங்கை அரசே தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. நாட்டுக்கு மறுசீரமைப்பும் காலநீடிப்பும் பேச்சுவார்த்தை மேசையில் கிடைத்தன. அந்தக் கடன் நெருக்கடியில் மண்ணெண்ணெய் வரிசையில் இரவு பகலாக நின்ற மீன்பிடித் தொழிலாளிக்கு அப்படி ஒரு மேசை கிடைக்கவில்லை. யாருடைய தவணை நெகிழும், யாருடைய தவணை நெகிழாது என்பதில்தான் அதிகாரம் தன் முகத்தைக் காட்டுகிறது.

காத்திருப்பவர்களின் நேரம்

சக் திரும்பி வரும்போது அவனுக்கு ஏற்கெனவே இறுதிச் சடங்கு நடந்து முடிந்திருக்கிறது. உடல் கிடைக்காததால் அவனுடைய பொருட்களைப் பெட்டியில் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். கெலி இன்னொருவரைக் கைப்பிடித்து, ஒரு பிள்ளைக்குத் தாயாகியிருக்கிறாள். அவளைப் படம் குற்றஞ்சாட்டவில்லை. அது படத்தின் நேர்மை. ஆனாலும் காத்திருத்தலின் கதையை அது காத்திருந்தவளின் பக்கத்திலிருந்து சொல்லவில்லை. நான்கு ஆண்டும் கமெரா அவனோடு தீவில் இருக்கிறது.

மட்டக்களப்பில் அந்தக் கதை மறுபக்கத்திலிருந்து மட்டுமே தெரியும். 1990 செப்டெம்பர் 5 அன்று வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்களில் 158 பேரைப் படையினர் ஏற்றிச் சென்றார்கள். அவர்கள் திரும்பவில்லை. நான்கு ஆண்டல்ல, முப்பது ஆண்டுக்கும் மேலான காத்திருப்பு இது. இறந்தார் என்று சொல்லாமல், ஆள் இல்லை என்பதை மட்டும் பதியும் சான்றிதழுக்கு 2016 இல் சட்டம் இடம் கொடுத்தது. அதே ஆண்டு காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டமும் நிறைவேறியது. காணாமற்போனோரைப் பற்றி விசாரித்த ஆணைக்குழுக்களுக்குக் காலக்கெடு நீடிக்கப்பட்டுக்கொண்டே போனது. தாய்மாரின் ஆயுளுக்கு அப்படி நீடிப்பு இல்லை. நுண்கடன் தவணையில் ஒரு நாள் பிந்தினால் வீட்டு வாசலுக்கு ஆள் வரும். பிள்ளை எங்கே என்ற கேள்விக்குப் பதில் முப்பது ஆண்டு பிந்தினாலும் கேட்பதற்கு ஆள் இல்லை. பலமுள்ளவர்கள் மற்றவர்களை அவசரப்படுத்துகிறார்கள். அதே பலத்தோடு மற்றவர்களைக் காத்திருக்கவும் வைக்கிறார்கள்.

படம் நின்றுவிடும் இடம்

சக்குக்கு நிறுவனம் வரவேற்பு விருந்து வைக்கிறது. அதில் பெடெக்ஸ் நிறுவனர் பிரெட் சிமித் தாமாகவே தோன்றி அவனை வரவேற்கிறார். விருந்து கலைந்தபின் மேசையில் நண்டுக்கால்கள் குவிந்து கிடக்கின்றன. சக் ஒன்றை எடுத்துப் பார்த்துப் போடுகிறான். நெருப்பூட்டியை அழுத்தி அழுத்தி அணைக்கிறான். உள்ளங்கை கிழிய நாட்கணக்கில் உராய்ந்து பெற்ற நெருப்பு இங்கே விரல் நுனியில் கிடக்கிறது. செமெக்கிஸ் ஒரு சொல்லும் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. மிகுதியின் வெறுமையை இதைவிட நன்றாகக் காட்டிய ஹொலிவூட் காட்சிகள் குறைவு.

ஆனால் படம் அங்கேயே நின்றுவிடுகிறது. மொஸ்கோத் தொழிலாளருக்கு என்ன ஆனது என்று அது திரும்பிப் பார்ப்பதில்லை. 87 மணித்தியாலத்தைக் குறைக்க அவர்கள் எவ்வளவு ஓடினார்கள், எத்தனை பேர் வேலை இழந்தார்கள் என்பது படத்தின் கவலை அல்ல. நிறுவனம் குற்றமற்றதாக வெளியேறுகிறது. பிரிக்காமல் வைத்திருந்த ஒரே பொதியைச் சக் கடைசியில் உரிய முகவரியில் சேர்க்கிறான். அதில் ஓர் அழகான நன்றியுணர்வு இருக்கிறது. கூடவே நிறுவனத்தின் வாக்குறுதி மனிதனின் மனச்சாட்சியாகவே மாறிவிட்ட நிலையும் இருக்கிறது. அவசரத்தை விட்டால் மனிதன் தேறிவிடுவான் என்று படம் நம்புகிறது. அவசரப்படாமல் இருக்க வசதி உள்ளவனுக்கு அந்தப் பாடம் சரி. கிழமைத் தவணை உள்ளவளிடம் நிதானமாக இரு என்று சொல்வதில் பொருள் இல்லை.

2024 இல் பிளெஸ்ஸி இயக்கத்தில் வந்த ‘ஆடுஜீவிதம்’ இந்தக் குறையை நிரப்பும் படம். பென்யாமினின் 2008 நாவலிலிருந்து பிறந்தது. வளைகுடாவுக்கு வேலை தேடிப் போன நஜீப் பாலைவனத்து ஆட்டுப்பட்டியில் அடைபட்டு ஆண்டுகளை இழக்கிறான். அவனுக்கும் நாட்கணக்கு தெரியாமல் போகிறது. ஆனால் சக்கின் காலத்தை எடுத்தது கடல். நஜீபின் காலத்தை எடுத்தது ஒரு முதலாளி. கிழக்கு மாகாணத்திலிருந்து வளைகுடா வீடுகளுக்கு வேலைக்குப் போன பெண்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. சக்கின் படம் மேலாளரின் தப்பிப்பிழைத்தல் என்றால் ‘ஆடுஜீவிதம்’ தொழிலாளியின் தப்பிப்பிழைத்தல். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் காலத்தைப் பற்றிய விமர்சனம் முழுமை பெறும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. சக் தனியே தப்புகிறான். பேச ஆளில்லாமல் பந்துக்கு முகம் வரைய வேண்டியிருந்தது. 1978 நவம்பர் 23 சூறாவளியிலும் 2004 பேரலையிலும் இந்தக் கரை மக்கள் கூட்டாகத் தப்பினார்கள். பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் ஒன்றாய்ச் சமைத்து, ஒன்றாய்த் தேடி, ஒன்றாய் அடக்கம் செய்தார்கள். அந்த நாட்களில் யாரும் யாருக்கும் மணி பார்த்து உதவவில்லை. நெருக்கடி வந்தால் நேரத்தைப் பகிர்ந்துகொள்ளத் தெரிந்த சமூகம் இது. நெருக்கடி இல்லாத நாளில் அந்த அறிவை ஆட்சியும் வங்கியும் பயன்படுத்துவதில்லை.

கடிகாரத்தைக் கடலில் எறிய வேண்டும் என்பது என் வாதம் அல்ல. ஆஸ்பத்திரியில் மருந்து நேரத்துக்கு வர வேண்டும். படுவான்கரைப் பிள்ளைக்குப் பஸ் நேரத்துக்கு வர வேண்டும். ஏழைக்கு நேரத்துக்குக் கிடைக்க வேண்டியவை இன்னும் நிறைய உண்டு. வேண்டியது நேரத்தைக் குறிக்கும் இடத்தில் பங்கு. விவசாயக் குடும்பத்தின் கடன் அறுவடைக்குப் பின் கட்டும்படி அமையட்டும். காற்றுக் கடுமையான மாதங்களில் வாவித் தொழிலாளரின் தவணை சட்டப்படியே நிற்கட்டும். ஆற்றுவாய் வெட்டும் நாளைக் குறிக்கும் கூட்டத்தில் வயல்காரருக்கு உள்ள அதே குரல் தோணிக்காரருக்கும், கரையில் மீன் விற்கும் பெண்ணுக்கும் இருக்கட்டும். காணாமற்போனோர் பற்றிய பதிலுக்கு அரசு தனக்குத் தானே ஒரு திகதி குறிக்கட்டும். அந்தத் திகதி தவறினால் கேள்வி கேட்கும் உரிமை தாய்மாருக்கு இருக்கட்டும். இவற்றில் ஒன்றுக்கும் ஆளில்லாத தீவு தேவையில்லை. ஆட்கள் கூடியிருக்கும் இடத்தில்தான் இவை நடக்கும்.